கொள்ளை நோய்க் காலத்தில் ஊராருக்கு எடுத்துச் சொல்லும் முறை

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



கடன், விதை, எரு, பால், நெல் விற்பனை ஆகிய விஷயங்களைப் பற்றிப் பேசுவதற்காகக் கூடும் சபையில் வியாதியைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களிற் சிலர் நினைக்கலாம். அந்தக் கேள்வி நியாயமானதே. அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே செல்ல விரும்புகிறேன்.

1904ஆம் வருஷத்தில் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் ஏற்பட்டபோது, கிராமச் சங்கங்களுக்கு வரையறையற்ற பொறுப்பு என்ற ஏற்பாட்டை விதித்தார்கள். அதாவது, சங்கத்தின் கடனுக்கு அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் முழுச் சொத்தைக் கொண்டும் ஜவாப்தாரி. ஒருவன் வாங்கிய கடனைக் கட்டாமற் போனால் மற்றவர்கள் தலையில் அது விழும். ஆகையால் ஒருவர் நடத்தையை மற்றொருவர் கவனிப்பதும், தெரிந்ததை மறைக்காமல் சபையில் சொல்வதும் அங்கத்தினரின் கடமையாயின. கொள்ளை நோய் பரவும் காலத்தில் ஊர் முழுவதுமே இத்தகைய சங்கமாகிவிடுகிறது. இதில் சேருவதற்கு ஒருவரும் மனுப்போடவில்லை. இதிலிருந்து ஒருவரும் விலகிக்கொள்ளவும் முடியாது. மேலத் தெருவில் ஒருவன் மூடாமல் இருமியதற்குக் கீழத் தெருக் கிழவி உயிரைக் கொடுத்து வட்டி கட்டவேண்டியிருக்கிறது. இந்த ஜாமீன் பொறுப்பை மற்றெவரைக் காட்டிலும் எளிதில் உணரத்தக்கவர்கள் கூட்டுறவுச் சங்கத்தார்களே. ஆகவேதான் இவ்விஷயத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

நோய்க் காலத்தில் அனுசரிக்க வேண்டிய ஜாக்கிரதைகளைப் பற்றிச் சுகாதார இலாகாவினர் வேண்டிய அளவு சொல்லியிருக்கிறார்கள். நான் பேச எடுத்துக்கொண்டது அந்த ஜாக்கிரதைகளை ஊராருக்கு எடுத்துச் சொல்லும் முறை. நல்ல மருந்தும் நல்ல விதியும் கையிலிருந்தும், சொல்லிய முறை பிசகியதனால் உயிர்ச்சேதம் மிகுந்த சந்தர்ப்பங்கள் சரித்திரத்தில் பல உண்டு.

மறைத்துப் பேசுவதால் வரும் கேடு

1918ஆம் வருஷத்தில் உலகமெங்கும் பரவிய விஷ ஜுரத்தைப் பற்றி உங்கள் பாட்டனார் காலத்தவர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தியாவில் மட்டும் அதனால் மாண்டவர்கள் 1 கோடியே 20 லக்ஷம் பேருக்குக் குறையார் என்பது ஆராய்ச்சியாளரின் கணக்கு. அதற்கும் மேற்பட்ட தொகையைச் சொல்பவரும் உண்டு. 1911க்கும் 1921க்கும் இடைப்பட்ட பத்து வருஷத்தில் இந்தியாவின் ஜனத்தொகை ஏறுவதற்குப் பதிலாகச் சற்றுக் குறைந்தது. ஜனக் கணிதி எடுக்கத் தொடங்கிய பின் அவ்வாறு குறைந்தது அந்த ஒரு முறைதான்.

அந்த நோய்க்கு ‘ஸ்பானிய ஜுரம்’ என்று பெயர் வந்த காரணத்தைக் கவனியுங்கள். அது ஸ்பெயின் தேசத்தில் உண்டானதன்று. அப்பொழுது மகாயுத்தம் நடந்துகொண்டிருந்தது. யுத்தத்தில் ஈடுபட்டிருந்த தேசங்கள் தங்கள் படையிலும் பட்டணங்களிலும் நோய் பரவுவதைப் பத்திரிகைகளில் தாராளமாக வெளியிட விடவில்லை. யுத்தத்திற் சேராத ஸ்பெயின் தேசத்துப் பத்திரிகைகள் உள்ளதை உள்ளபடி எழுதின. உண்மையைச் சொன்ன தேசத்தின் பெயர் நோயின் பெயராகிவிட்டது. இன்றைக்கும் ஓர் ஊரில் முதல் நோயாளியைப் பற்றி வெளியில் சொல்பவருக்கு இதே பழிதான் வந்து சேருகிறது. அதனாலேயே பலர் வாய் திறப்பதில்லை.

அதே வருஷத்தில் அமெரிக்காவிலே பிலடெல்பியா என்னும் பட்டணத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். செப்டம்பர் மாதத்தில் அங்கே நோய் தலைகாட்டிவிட்டது. ஆயினும் யுத்தக் கடன் பத்திரம் விற்பதற்காக ஏற்பாடு செய்திருந்த ஊர்வலத்தை நிறுத்த அதிகாரிகளுக்கு மனம் வரவில்லை. பயப்பட வேண்டியதில்லை என்று ஜனங்களுக்குத் தைரியம் சொல்லி, 28ஆம் தேதியன்று ஊர்வலத்தை நடத்தினார்கள். ஏறக்குறைய 2 லக்ஷம் பேர் வீதியில் நெருங்கி நின்றார்கள். சில தினங்களுக்குள் ஆஸ்பத்திரிகள் நிரம்பின. சில வாரங்களுக்குள் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அதே தேசத்தில் செயின்ட் லூயிஸ் என்ற பட்டணத்தார், நோய் கண்ட சில தினங்களுக்குள், அக்டோபர் 7ஆம் தேதியே பள்ளிக்கூடம், நாடகசாலை, சபை முதலியவற்றை மூடினார்கள். அங்கே மரண விகிதம் பிலடெல்பியாவில் கண்டதில் ஏறத்தாழப் பாதியாகவே நின்றது. ஜனங்கள் பயப்படுவார்களே என்று உண்மையை மறைப்பவர், அந்தப் பயத்தினால் உண்டாகக்கூடிய ஜாக்கிரதையையும் சேர்த்தே மறைத்துவிடுகிறார்.

பலவந்தத்தால் வரும் கேடு

மறைப்பது ஒரு பிழையானால், மிரட்டுவது மற்றொரு பிழை. 1896ஆம் வருஷத்தில் பம்பாயில் பிளேக் நோய் தோன்றியது. 1897இல் தொற்று வியாதிச் சட்டம் ஏற்பட்டது. பூனாவில் அந்தச் சட்டத்தை நடத்தி வைத்தவர் ராண்டு என்ற உத்தியோகஸ்தர். சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்டார்கள். ஸ்திரீகளைப் பலர் முன்னிலையில் பரிசோதித்தார்கள். நோயாளி என்று சந்தேகித்தவர்களை முகாமுக்கு இழுத்துச் சென்றார்கள். நோயாளியைப் பிரித்து வைப்பது வைத்திய சாஸ்திரத்துக்கு விரோதமானதன்று. ஆனால் ஏன் பிரிக்கிறோம், எங்கே கொண்டுபோகிறோம், எப்பொழுது திரும்பி வருவார் என்று ஒருவரும் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லவில்லை. ஆகவே ஜனங்கள் நோயாளியைப் பரணிலும் அறைகளிலும் ஒளித்துவைத்தார்கள், பிணத்தையும் மறைத்தார்கள். ஒளித்த இடத்தில் நோய் பெருகிற்று. 1897ஆம் வருஷம் ஜூன் மாதம் 22ஆம் தேதி ராண்டு சுடப்பட்டார். பின்னர்ச் சர்க்காரே பலவந்த முறையைப் படிப்படியாகத் தளர்த்த நேர்ந்தது. இந்தியாவில் அடுத்த கால் நூற்றாண்டுக்குள் 1 கோடிக்கு மேற்பட்ட உயிர்களைப் பிளேக் கொண்டுபோயிற்று.

நம் ஊர்களில் இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் இருந்ததை நீங்கள் அறிவீர்கள். வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டால் வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகி வைப்பார்கள். அதைப் பார்த்தவுடன் அயலார் உள்ளே நுழையமாட்டார்கள்; பிச்சைக்கு வருபவரும் தெருவோடு போய்விடுவார். போலீஸும் இல்லை, அபராதமும் இல்லை. அந்த வேப்பிலை அம்மையை ஒழிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அம்மை குத்துதல் ஊர்தோறும் பரவிய பிறகே பெரியம்மை ஒழிந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 1975இல் காணப்பட்டார், 1980இல் உலகத்திலேயே ஒழிந்ததாகப் பிரகடனம் செய்தார்கள். ஆயினும் செய்தி அறிவிக்கும் கருவி என்ற அளவில் அந்த வேப்பிலைக் கொத்து மிக மேலானது. எழுத்தறியாதவனுக்கும் அது விளங்கிற்று. எல்லாச் சாதியாருக்கும் ஒரே பொருளைச் சொல்லிற்று. வீட்டாரே தம் கையால் செருகினபடியால் அவர்களுக்கு அதில் அவமானம் இல்லை. அயலாருக்கும் அவர்கள் மேல் வெறுப்பு உண்டாகவில்லை. நோயாளிக்கு வேண்டியதை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

2020ஆம் வருஷத்தில் கொரோனா நோய் வந்தபோது, தனித்து வைக்கப்பட்ட வீடுகளின் வாசலில் அறிவிப்புத் தாள் ஒட்டினார்கள். சிற்சில இடங்களில் தகரத்தை அடித்து வழியையே அடைத்தார்கள். வேப்பிலையும் தகரமும் சொன்ன செய்தி ஒன்றே. ஆனால் ஒன்று அந்தக் குடும்பத்தை ஊரின் பாதுகாப்பில் வைத்தது. மற்றொன்று ஊருக்குப் பகையாக்கியது. தகரம் அடிப்பார்கள் என்று அஞ்சியவன் ஜுரம் வந்தாலும் பரிசோதனைக்குப் போகத் தயங்குவான் அல்லவா?

2020இல் நம் நாட்டில் நடந்தவை

இந்தியாவில் கொரோனா நோயாளி ஒருவர் முதன்முதலாக 2020ஆம் வருஷம் ஜனவரி 30ஆம் தேதி கேரளத்தில் காணப்பட்டார். தமிழ்நாட்டில் முதல் நோயாளி மார்ச் 7ஆம் தேதி வெளிப்பட்டார். மார்ச் 11ஆம் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் இதனை உலகக் கொள்ளை நோய் என்று கூறிற்று. மார்ச் 25 முதல் தேசமெங்கும் ஊரடங்கு நடந்தது. அதற்குப் பின் நிகழ்ந்தவற்றிலிருந்து மூன்று சம்பவங்களை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்.

முதலாவது: ஏப்ரல் 24ஆம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய நகரங்களில் 26ஆம் தேதி முதல் நான்கு நாட்களுக்கு முழு ஊரடங்கு என்பது அதன் சாரம். கூட்டத்தைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆனால் இடையிலிருந்த 25ஆம் தேதியன்று மளிகைக் கடைகளிலும் காய்கறிச் சந்தைகளிலும் ஜனங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். அரிசிக்கும் காய்க்கும் என்ன வழி என்பது மனத்தில் பதியுமுன்பே, கடை மூடப்படும் என்ற சொல் பதிந்துவிட்டது.

இரண்டாவது: அதே மாதத்தில் தமிழ்நாட்டின் குடும்ப அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாய் உதவித் தொகையும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை முதலிய பண்டங்களும் நியாயவிலைக் கடைகளின் மூலம் வழங்கப்பட்டன. அக்கடைகளிற் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்ன தேதி, இன்ன வேளையில் வருக என்று குறித்த டோக்கன்களைக் கொடுத்தார்கள். கடை வாசலில் இடம் விட்டு வட்டங்கள் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தம் முறை எப்பொழுது என்பது தெரிந்திருந்த இடங்களில் முண்டியடிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. இந்த இரண்டு சம்பவங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஜனங்கள் அவர்களே, பயமும் அதுவே. முன்னதில் செய்யக்கூடாததை மட்டும் அவர்கள் காதில் வாங்கிக்கொண்டார்கள். பின்னதில் செய்ய வேண்டியது இன்னது, இன்ன நேரத்தில் என்பது அவர்கள் கையிலேயே காகிதமாக இருந்தது.

மூன்றாவது: சென்னைக் கோயம்பேடு சந்தையில் நோய் பரவியிருப்பது அந்த ஏப்ரல் மாதக் கடைசியில் தெரியவந்தது. மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். மூட்டை தூக்குபவர்களும், வியாபாரிகளும், லாரி ஓட்டுகிறவர்களும் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் முதலிய ஜில்லாக்களிலுள்ள தங்கள் கிராமங்களுக்குத் திரும்பினார்கள். அவர்களிற் பலருக்கு நோய் இருந்தது. ஊர் திரும்பும் கூலியாளைச் சந்திக்கும்போது நாம் சொல்லும் முதல் வார்த்தை எது என்பதே இங்குக் கேள்வி. ‘ஊருக்குள் வராதே’ என்று முள்ளை வெட்டிப் பாதையில் போட்டால், அவன் இரவில் வரப்பு வழியாக வந்து சேருவான்; எங்கிருந்து வந்தான் என்பதையும் சொல்லமாட்டான். ‘வா அப்பா, பள்ளிக்கூடத்தில் பதினான்கு நாள் தங்கு, உனக்கும் உன் வீட்டுக்கும் அரிசி வரும், செவிலியர் வந்து பார்ப்பார்’ என்று சொன்னால், உண்மையைத் தானே சொல்லுவான். அவனுடைய நாவிலிருந்து உண்மை வருவதுதான் ஊருக்குப் பாதுகாப்பு.

வதந்தி

உண்மை போய்ச் சேராத இடத்தில் வதந்தி குடியேறும். 2020ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சென்னையில் கொரோனா நோயால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றபோது, பிணத்தினின்று நோய் பரவும் என்று நம்பிய கும்பல் ஒன்று கல்லும் கட்டையும் கொண்டு தாக்கிற்று. உடலைக் கொண்டுவந்தவர்கள் காயமுற்றார்கள். நள்ளிரவில் மற்றொரு மருத்துவரே மண்ணைத் தள்ளிப் புதைக்க நேர்ந்தது. விதிப்படி மூடி ஆழமாகப் புதைத்த உடலினின்று அயலாருக்கு நோய் வாராது என்ற ஒரு வாக்கியம், அந்தத் தெருவாருக்கு அவர்கள் நம்பும் ஒருவர் வாயால் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தால், நமக்கு இந்த அவமானம் நேர்ந்திராது. நமது கிராமங்களில் பிணத்துக்கு வழி விடாமற் செய்வது எவ்வளவு பெரிய பாதகமாகக் கருதப்படுகிறதென்பதை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய ஜனங்களையே பயம் இவ்வாறு மாற்றிவிடுகிறது.

ஈரான் தேசத்தில், சாராயம் குடித்தால் நோய் தீரும் என்ற வதந்தியை நம்பி விஷச் சாராயத்தைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். நம் திருப்பூரில் சந்தை வாசலில் ஒரு சுரங்கம் போல் அமைத்து, அதன் வழியே நடப்பவர் மேல் கிருமி நாசினி தெளித்தார்கள். பல ஊர்கள் அதைப் பார்த்துத் தாமும் அமைத்தன. சில தினங்களுக்குள்ளேயே சுகாதார இலாகாவினர் அதை உபயோகிக்கலாகாது என்று உத்தரவிட்டார்கள். அந்தத் துளியில் நனைந்தவன் தனக்கு ரட்சை கட்டிவிட்டதாக எண்ணிக் கை கழுவுவதை விட்டுவிடுவான் என்பது அவர்கள் கூறிய காரணங்களில் ஒன்று.

2021ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் நடிகர் விவேக் அவர்கள் ஜனங்களுக்கு உற்சாகமூட்டுவதற்காகச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு உண்டாகி, 17ஆம் தேதி காலமானார். ஊசியே காரணம் என்ற பேச்சு ஒரே நாளில் தமிழ்நாடு முழுவதும் பரவிற்று. மரணத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று நிபுணர் குழு ஆராய்ந்து கூறியது அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில்தான். இரண்டுக்கும் இடையே இருந்த மாதங்களிலேதான் இரண்டாம் அலையின் உக்கிரம் இருந்தது. ஆராய்ச்சிக்குக் காலம் தேவை. அதைக் குறை கூறுவதற்கில்லை. அந்த இடைக்காலத்தில் திண்ணையில் இருந்து பேசத் தக்கவர் ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் வேண்டும். ‘ஊசி போட்டுக்கொண்டவர்கள் கோடிக்கணக்கானோர்; அவர்களிற் சிலருக்கு வேறு நோயால் மரணம் நேருவதும் உண்டு; விசாரணை நடக்கிறது; முடிவு வந்ததும் சொல்கிறேன்; நானும் போட்டுக்கொண்டேன்’ என்று அவர் சொல்லவேண்டும். பரிகசிப்பதாலும் அதட்டுவதாலும் வதந்தி ஒழிவதில்லை.

மாறும் புத்திமதி

‘முன்னே ஒன்று சொன்னார்கள், இப்பொழுது வேறொன்று சொல்கிறார்கள், இவர்களை எப்படி நம்புவது?’ என்று கேட்பவர்கள் உண்டு. 2020 மார்ச் மாதத்தில், நோயாளியும் அவரைக் கவனிப்பவரும் மட்டும் முகக்கவசம் அணிந்தாற் போதும் என்றார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில், வெளியிற் செல்லும் யாவரும் வீட்டில் தைத்த துணியாலாவது முகத்தை மூடும்படி இந்திய சர்க்கார் சொன்னார்கள். ஜூன் மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனமும் துணிக் கவசத்தை ஆதரித்தது. முதலில் பண்டங்களைத் தொடுவதால் வரும் தொற்றையே பெரிதாகப் பேசினார்கள். அடைத்த அறையில் பலர் விடும் மூச்சின் மூலமாகவே இந்நோய் மிகுதியும் பரவுகிறதென்பதும், ஜுரம் தோன்றுமுன்பே ஒருவன் அதைப் பரப்பக்கூடுமென்பதும் போகப்போகத் தெளிவாயின.

விதைப் பண்ணையார் சொன்ன பட்டத்தை மழை பார்த்து மாற்றிச் சொன்னால், அவர் பொய்யர் என்று நாம் சொல்வதில்லை. மாற்றிய காரணத்தை அவர் சொல்லிவிடுகிறார். நோய் விஷயத்திலும் அப்படியே செய்யவேண்டும். புத்திமதி சொல்லும்போதே, ‘இன்றைக்குத் தெரிந்தது இவ்வளவு, மேலும் தெரிந்தால் மாற்றிச் சொல்வோம்’ என்று சேர்த்துச் சொல்லவேண்டும். மாற்றும்போது பழையதை மூடி மறைக்காமல், முன்பு சொன்னது இது, இப்பொழுது சொல்வது இது, காரணம் இது என்று மூன்றையும் சொல்லவேண்டும். சங்கத்தின் கணக்கில் ஒரு தொகையைத் திருத்த நேர்ந்தால் பழைய எழுத்தைச் சுரண்டி எடுக்கமாட்டோம். கோடிட்டுத் திருத்திக் கையொப்பம் வைப்போம். அந்த வழக்கமே இங்கும் தகும்.

சங்கம் செய்யத்தக்கவை

இவ்வளவும் கேட்ட பின், நம்மால் ஆவது என்ன என்று கேட்பீர்கள். நோய் வருமுன் செய்யவேண்டியவை சில, வந்த பின் செய்யவேண்டியவை சில.

நோய் வருமுன்பே, பேசுகிறவர் யார் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு ஒருவர் வீதம், ஆணும் பெண்ணுமாக, எல்லாத் தெருக்களிலிருந்தும் எடுங்கள். மேலத் தெருவார் சென்று காலனியாருக்கு உபதேசம் செய்வது வேண்டாம். அந்தந்தத் தெருவாரே தத்தம் தெருவில் பேசட்டும். பால் ஊற்ற வரும் பெண்களும் சுயஉதவிக் குழுப் பெண்களும் ஒரு காலை வேளைக்குள் ஊர் முழுவதும் செய்தி கொண்டுபோக வல்லவர்கள். முற்காலத்தில் தண்டோராப் போட்டுச் செய்தி சொன்னார்கள். அவ்வழக்கத்தைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் 2022இல் தடுத்துவிட்டார்கள், அதுவும் நியாயமே. ஒலிபெருக்கி வண்டி தெருவில் சொல்லிப்போகும். அதற்குப் பின் எழும் சந்தேகத்துக்கு வண்டி நின்று பதில் சொல்லாது. பதில் சொல்லத்தான் இந்த மனிதர்கள் வேண்டும்.

இரண்டாவதாக, ஊரில் தனித்திருக்கும் முதியோர், நீரிழிவு, இருதய நோய், காசம் உள்ளவர், கர்ப்பவதிகள், அன்றாடக் கூலியால் ஜீவிப்பவர் ஆகியோரைத் தெருவாரியாக அறிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியரையும் கிராமச் செவிலியரையும் வருஷத்துக்கு ஒரு முறையாவது சங்கக் கூட்டத்துக்கு அழைத்துப் பரிச்சயம் செய்துகொள்ளுங்கள். நோய்க் காலத்தில்தான் முதன்முதலாக முகம் பார்த்தால் நம்பிக்கை உண்டாவது கஷ்டம்.

மூன்றாவதாக, நோய் வந்துவிட்டால், சொல்லும் ஒவ்வொரு செய்தியிலும் ஐந்து விஷயங்கள் அடங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள்: யாருக்கு அபாயம், என்ன செய்யவேண்டும், எங்கே போகவேண்டும், எந்தத் தேதி வரையில், அதனால் உண்டாகும் நஷ்டத்துக்கு என்ன வழி. ஐந்தாவதை விட்டுவிட்டால் மற்ற நான்கும் வீண். பதினான்கு நாள் வீட்டில் இரு என்று கூலிக்காரனுக்குச் சொல்லிவிட்டு, அவன் அடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமலிருப்பது புத்திமதியாகாது. சட்டமும் உபவிதிகளும் இடங்கொடுக்கும் அளவில் சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து ஒரு சிறு பகுதியை இதற்கென்று தீர்மானம் செய்து வைக்கலாம். வீட்டு வாசலுக்குப் பண்டம் சேர்ப்பிக்கலாம். தவணை பற்றிப் பேசி ஆறுதல் சொல்லலாம்.

நான்காவதாக, நோய்க்குத் தக்க ஜாக்கிரதையைச் சொல்லுங்கள். மூச்சின் வழியாகப் பரவும் நோயானால், ஜன்னலைத் திறந்துவைத்தல், மூக்கும் வாயும் மூடக் கவசம் அணிதல், நெருங்கி நில்லாமை, ஜுரமோ இருமலோ உள்ளவர் சபைக்கும் சந்தைக்கும் வாராமை, சோப்புப் போட்டு இருபது விநாடியாவது கை கழுவுதல் ஆகியவை பிரதானம். கலியாணமும் கருமாதியும் திறந்த வெளியில், சில பேருடன் நடக்கட்டும். வாந்திபேதியானால், காய்ச்சிய நீர், மூடிய உணவு, உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவை உயிர் காக்கும். மூச்சில் வரும் நோய்க்குத் தெருவில் சுண்ணாம்புத் தூள் தூவுவதால் பிரயோஜனமில்லை. கொரோனா நோயில் விரலில் மாட்டும் கருவி காட்டும் பிராணவாயு அளவு 94க்குக் கீழே போனால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லும்படி சொன்னார்கள். மூச்சுத் திணறலைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் கிடந்தவர்களிற் பலரை 2021இல் இழந்தோம். 104 என்ற எண் வைத்திய ஆலோசனைக்கும், 108 என்ற எண் அவசர வண்டிக்கும் உரியவை என்பதைச் சங்கப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.

ஐந்தாவதாக, தடுப்பூசியைப் பற்றி உள்ளதைச் சொல்லுங்கள். கொரோனா ஊசி போட்டுக்கொண்டவருக்கும் நோய் வருவதுண்டு. ஆனால் கடுமையாவதும் மரணமும் வெகுவாகக் குறைந்தன. போட்ட மறுநாள் கைவலியும் ஜுரமும் பலருக்கு உண்டாகும். இதை முன்னாடியே சொல்லிவிட்டால், அந்த ஜுரத்தைக் கண்டு ஒருவரும் கலங்கார். சொல்லாமல் விட்டால், ஒருவருடைய ஜுரம் நூறு பேரின் ஊசியைத் தடுக்கும். 2021 ஜனவரி 16ஆம் தேதி இந்தியாவில் ஆரம்பித்த இந்த வேலையில், 2022 ஜூலை மாதத்துக்குள் 200 கோடி ஊசிகள் போட்டு முடித்தார்கள் என்றால், அத்தனை முறையும் யாரோ ஒருவர் பக்கத்திலிருந்து தைரியம் சொல்லியிருக்கிறார் என்று பொருள்.

கடைசியாக, கைபேசியில் வரும் செய்தியை மற்றொருவருக்கு அனுப்புமுன், ‘இதற்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போடுவேனா?’ என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாதவனுக்கு ஜாமீன் நிற்காத நாம், யார் எழுதினார் என்று தெரியாத செய்திக்கு மட்டும் ஏன் நிற்கவேண்டும்?

முடிவுரை

2020, 2021 ஆகிய இரண்டு வருஷங்களில் இந்நோயினாலும் அதையொட்டிய நெருக்கடியாலும் உலகத்தில் வழக்கத்துக்கு மேற்பட்டு ஏறக்குறைய 1 கோடியே 49 லக்ஷம் பேர் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. 2023ஆம் வருஷம் மே 5ஆம் தேதி அவசர நிலை நீங்கிற்று என்றும் அந்த ஸ்தாபனம் அறிவித்தது. நீங்கியது அவசர நிலைதான். விஷ ஜுரமும், பிளேக்கும், கொரோனாவும் வந்த வழி இன்னும் அடைபடவில்லை. அடுத்தது எப்பொழுது, எந்தப் பெயரோடு வரும் என்று சொல்லக்கூடியவர் இல்லை.

சேமிப்பு என்பது பஞ்ச காலத்தில் தொடங்கும் காரியமன்று என்பதைக் கூட்டுறவு இயக்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. நம்பிக்கையும் அத்தகையதே. நோயில்லாத நாளில் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்தால்தான் நோய் வந்த நாளில் எடுத்துச் செலவிடலாம். அளவு குறையாமல் பண்டம் போடுவதும், கணக்கை மறைக்காமல் வாசிப்பதும், எல்லாத் தெருவாரையும் ஒன்றாக நடத்துவதும் அந்தச் சேமிப்பே. அவ்வாறு நடக்கும் சங்கத்தின் காரியதரிசி ‘ஒரு வாரம் சந்தைக்குப் போகாதீர்கள்’ என்று சொன்னால், ஊர் கேட்கும். அவ்வாறு நடவாத சங்கம் ஒலிபெருக்கி வைத்துக் கூவினாலும் ஒருவரும் கேளார்.

ஆகையால், இன்றைய கூட்டம் கலையுமுன்பே, தெருவுக்கு ஒருவர் வீதம் பேசத் தக்கவர்களின் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.